தோட்டத்துக் கால்வாய் கடலில் கலக்கும் இடத்தில்

திங்கள், பாகான் செராய்

கனடாவுக்கும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்கும் நடுவே சாலிஷ் கடல் இருக்கிறது. அங்கே வாழும் ஓர்க்கா என்ற கொலைத் திமிங்கிலக் கூட்டத்தில் ஜே, கே, எல் என்று மூன்று குடும்பங்கள். மூன்றையும் சேர்த்து எண்ணினாலும் 75-ஐ ஒட்டித்தான் நிற்கும். 2005-ல் அமெரிக்கா அவற்றை அழியும் நிலையில் உள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. இத்தனை ஆண்டுகளாகியும் எண்ணிக்கை ஏறவில்லை. அதற்கு மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். அவை பெரிதும் நம்பியிருக்கும் சின்னூக் சால்மன் மீன் குறைந்துபோனது. படகுச் சத்தத்தில் எதிரொலி கேட்டு இரை தேட முடியாமல் போவது. கொழுப்பில் தங்கிவிடும் பிசிபி என்ற தொழிற்சாலை நஞ்சு, தாய்ப்பால் வழியே முதல் குட்டிக்கு அதிக அளவில் இறங்குவது.

இந்த மூன்றையும் குறித்துக்கொண்டு மலேசியாவின் பேராக் கடலோரத்து ஓங்கில்களிடம், அதாவது டால்பின்களிடம் வந்தால் இங்கேயும் மூன்றும் இருக்கின்றன. கூடவே நான்காவது ஒன்று முந்திக்கொண்டு வந்து முதலிடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. அது வலை.

பாகான் செராயைக் கடல் ஊர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஊரைச் சுற்றி வயல்கள். 1906-ல் முடிந்த கிரியான் பாசனத் திட்டத்தின் வாய்க்கால்கள். அதற்கு முன்பு இந்தக் கரையோரம் கரும்புத் தோட்டங்களாக இருந்தது. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த நம்மவர்கள் கரும்பு வெட்டிய மண் இது. பிறகு பால்மரம் என்கிற ரப்பர் வந்தது, இப்போது பாமாயில் தரும் செம்பனை. பயிர் எத்தனை முறை மாறினாலும் தண்ணீர் போகும் திசை மாறவில்லை. வயல் வாய்க்காலும் தோட்டத்துக் கால்வாயும் கடைசியில் கோலா குராவ், கோலா கூலா கழிமுகங்களுக்குத்தான் போய்ச் சேர்கின்றன. ஓங்கில்கள் மீன் பிடிப்பதும் அங்கேதான்.

இந்தக் கரையோரத்தில் மூன்று இனங்கள் வாழ்கின்றன. ஐராவதி ஓங்கிலுக்கு உருண்டைத் தலை, மூக்கு நீளாது, முதுகுத் துடுப்பு சிறியது. முழு வளர்ச்சியில் இரண்டு மீட்டரைச் சற்றுத் தாண்டும். 2017 முதல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் 'அழியும் நிலை' என்ற பிரிவில் இருக்கிறது. இரண்டாவது கூன் முதுகு ஓங்கில். பிறக்கும்போது சாம்பல் நிறம், வளர வளர இளஞ்சிவப்பாக வெளுக்கும். மூன்றாவது, ஓங்கிலுக்கு உறவான துடுப்பில்லாக் கடற்பன்றி. முதுகில் துடுப்பே கிடையாது என்பதால் கண்ணில் படுவதே அரிது. பின்னிரண்டும் 'ஆபத்துக்குள்ளாகக்கூடியவை' பட்டியலில் உள்ளன. மாத்தாங் கடலோரத்தில் மாரெசெட் என்ற மலேசிய ஆய்வு அமைப்பு 2013 முதல் கணக்கெடுத்து வருகிறது. இங்கே ஐராவதி ஓங்கில்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மேக்கோங் ஆற்றில் 2020 கணக்கெடுப்பில் மிஞ்சியிருந்தவை 89. அப்படிப் பார்த்தால் நம் கையில் இருப்பது சின்னச் சொத்தில்லை.

செவ்வாய், தோட்டத்துக் கால்வாய்கள்

கடலோரச் செம்பனைத் தோட்டத்தின் உயிர் அதன் தண்ணீர்க் கதவில் இருக்கிறது. கடல் ஏறும்போது கதவு மூடும், வற்றும்போது திறந்து உள்நீர் வெளியேறும். பழைய சதுப்புச் சேற்று மண்ணின் அடியில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமம் உண்டு. தண்ணீருக்கு அடியில் கிடக்கும்வரை அதனால் தொல்லையில்லை. கால்வாயை அளவுக்கு மீறி வற்றவிட்டால் அது காற்றுப்பட்டு அமிலமாகிவிடும். நீரின் பிஎச் அளவு (அது குறையக் குறைய அமிலம் கூடும்) 4-க்குக் கீழே இறங்கி, மண்ணிலுள்ள அலுமினியமும் கரைந்து வரும். வறட்சி முடிந்து முதல் மழை பெய்ததும் அத்தனையும் ஒரே நாளில் ஆற்றுக்குள் இறங்குகிறது. அன்றைக்கு மீன் செத்து மிதந்தால் பலரும் மருந்தைத்தான் குற்றம் சொல்வார்கள். பல இடங்களில் குற்றம் கதவைத் திறந்து வைத்த நேரத்தில் இருக்கும்.

இதைத் தவிர்க்கக் கால்வாய் நீர்மட்டத்தைத் தரையிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டருக்குக் கீழே போகாமல் நிறுத்த வேண்டும். அளவுக்கோலைக் கதவருகே மட்டும் நட்டால் போதாது. வயலுக்குள் இருக்கும் கிளைக் கால்வாயிலும் ஒன்று வேண்டும், ஏனென்றால் கதவருகே சரியாக இருக்கும் மட்டம் உள்ளே ஓரடி குறைந்திருக்கலாம். வறட்சி தொடங்குவதற்கு முன்பே தண்ணீரைத் தேக்கிவிட வேண்டும். வற்றிய பிறகு தேக்க நினைத்தால் ஊற்ற நீர் இருக்காது.

அடுத்தது ஆலைக் கழிவு. ஒரு டன் பாமாயில் எடுத்தால் ஏறத்தாழ 2.5 முதல் 3.5 டன் வரை கழிவுநீர் வரும். கொதிக்கக் கொதிக்கப் பழுப்பாக வெளியேறும் அந்த நீரைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். ஆற்றில் விடுவதற்கு 100 மில்லிகிராம் என்பது பழைய பொது வரம்பு, சில இடங்களில் 20 வரை இறுக்கியிருக்கிறார்கள். இடைப்பட்ட வேலையைக் குளங்கள் செய்கின்றன. முதலில் காற்றில்லாக் குளம், பிறகு நடுத்தரக் குளம், கடைசியில் காற்றுள்ள குளம். குளத்தைக் கட்டியதோடு வேலை முடிவதில்லை. அடியில் வண்டல் ஏறினால் கொள்ளளவு குறையும், கழிவு தங்கும் நாட்கள் குறையும், பாக்டீரியா வேலையை முடிப்பதற்குள் நீர் அடுத்த குளத்துக்கு ஓடிவிடும். வண்டலைத் தூர்வாராத குளம் வெறும் வழிப்பாதைதான். காய் அதிகம் வரும் மாதங்களில் இது உடனே வெளியே தெரியும்.

மருந்தடிக்கும் வேலையில் இன்றும் நம் பெண்கள் பலர் இருக்கிறார்கள். பாராகுவாட் களைக்கொல்லிக்கு மலேசியா 2020-ல் தடை போட்டுவிட்டது, நல்லது. காலி டப்பா மட்டும் அப்படியே தொடர்கிறது. மூடியைக் கழற்றிக் கால்வாயில் அலசுவது பழைய பழக்கம். சரியான முறை இது: டப்பாவில் கால்பாகம் தண்ணீர் ஊற்றி, மூடி, அரை நிமிடம் குலுக்கி, அந்த நீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்ற வேண்டும். இப்படி மூன்று முறை. பிறகு அடியில் ஓட்டை போட்டுவிட்டால் வேறு எதற்கும் எடுக்க முடியாது. தண்ணீர் பிடிக்க வசதி என்று ஓட்டை போடாமல் லயத்துக்குக் கொண்டுபோவது கடலைவிட வீட்டுக்குத்தான் முதலில் ஆபத்து.

ஆற்றோரத்தில் செம்பனை நடாமல் விட்ட புல்லும் மரமுமான பட்டை எத்தனை அகலம் என்று பார்த்தாலே ஒரு தோட்டத்தின் குணம் தெரிந்துவிடும். எங்கள் மதிப்பீடு இப்படித்தான்.

புதன், கோலா செப்பாத்தாங்

தைப்பிங்கிலிருந்து இந்தக் கரைக்குத்தான் 1885-ல் மலாயாவின் முதல் ரயில் ஓடியது. அன்று இதன் பெயர் போர்ட் வெல்ட். இப்போது கெராங் என்ற சிப்பி, நண்டு, மீன், கரி. சுற்றிலும் மாத்தாங் கண்டல் காடு, ஏறக்குறைய 40,000 ஹெக்டேர். 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டி மீண்டும் நடுகிறார்கள். 15-ம் ஆண்டில், நிறுத்தப்போகும் மரத்திலிருந்து 4 அடிக் கோலை வைத்து அந்த வட்டத்துக்குள் நிற்கும் மற்ற மரங்களை எடுப்பார்கள், 20-ம் ஆண்டில் 6 அடிக் கோல். கரி எரிக்கவே வளர்க்கும் காடு என்று முகம் சுளிக்க வேண்டாம். நூறாண்டுக்கு மேலாக இங்கே காடு நிற்பதற்கே அதுதான் காரணம். காடு நிற்பதால் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் நிற்கின்றன, அவற்றை நம்பி ஓங்கிலும் நிற்கிறது.

கணக்கெடுக்கும் வேலைக்கு வருவோம். கடல் தட்டையாக இருக்க வேண்டும். காற்றின் வேகத்தைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் 3-ஐத் தாண்டி வெள்ளை நுரை எங்கும் தெரிந்தால் வேலையை நிறுத்துவதே நல்லது. கடற்பன்றிக்கு 2-ஐத் தாண்டினாலே கணக்கு பொய்யாகும். படகு முன்கூட்டியே வரைந்த கோணல் மாணல் கோட்டில் மணிக்கு 15 கிலோமீட்டர் அளவில் போகும். மீன் அதிகம் என்று படகோட்டி சொல்லும் இடத்துக்குத் திருப்பினால் எண்ணிக்கை ஊதிவிடும். கோடு எங்கே போகச் சொல்கிறதோ அங்கேதான் போக வேண்டும், வெறுங்கடலாக இருந்தாலும் சரி.

முன்னால் இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர் இடப்பக்கக் கால்வட்டத்தையும் மற்றவர் வலப்பக்கத்தையும் பார்ப்பார்கள். நடுவில் எழுதுபவர். அரை மணிக்கு ஒருமுறை இடம் மாற்றாவிட்டால் கண் சோர்ந்து, அருகில் எழுவதைக்கூட விட்டுவிடும். விலங்கு தெரிந்ததும் முதலில் குறிக்க வேண்டியவை இரண்டே: படகின் முனையிலிருந்து எத்தனை பாகை, எத்தனை மீட்டர். 30 பாகையில் 200 மீட்டர் என்றால் கோட்டிலிருந்து செங்குத்தாக 100 மீட்டர். இந்தச் செங்குத்துத் தூரங்களின் பரவலை வைத்துத்தான் கண்ணுக்குத் தப்பியவை எத்தனை என்று கணக்கிடுகிறார்கள். அதனால் ஆர்வத்தில் படகைத் திருப்பிக் கிட்டப்போன பிறகு தூரத்தை மதிப்பிட்டால் அந்தப் பதிவு வீண். அதிகம் கெடுவது இந்த இடத்தில்தான். தூரக் கணிப்பும் எளிதில் ஏமாற்றும். காலையில் கிளம்பும்போது மிதவைகளை வைத்து, தொலைவுமானியோடு ஒப்பிட்டுக் கண்ணைப் பழக்க வேண்டும்.

கூட்டத்தில் எத்தனை என்பதற்குக் குறைந்தது, கூடியது, நம்பத்தக்கது என மூன்று எண்கள் எழுத வேண்டும். குட்டிகளைத் தனியாக. பிறகு ஆழம், நீரின் உப்பு, வெப்பம், கறுப்பு வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்க்கும் தெளிவு. ஐராவதி ஓங்கில் பெரும்பாலும் கழிமுகத்துக்கு உள்ளேயும் அதை ஒட்டியும் கிடைக்கும், கடற்பன்றி சற்று வெளியே. கூன் முதுகு ஓங்கிலைத் தேட டிராலர் போன தடம் நல்ல இடம். வலையிலிருந்து சிதறும் மீனுக்காகப் பின்னாலேயே வரும்.

துடுப்புப் படம் எடுப்பது தனிக் கலை. 1970-களில் கனடாவில் மைக்கேல் பிக் என்ற ஆய்வாளர் ஓர்க்காக்களின் துடுப்பையும் முதுகுத் திட்டையும் படமெடுத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் கண்டார். ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று நம்பிக் காட்சிக்கூடங்களுக்குப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், உண்மையில் எவ்வளவு குறைவு என்று காட்டியது அந்த வேலை. இங்கேயும் அதே முறைதான், துடுப்பு மட்டும் சிறியது. 400 மில்லிமீட்டர் வரை நீளும் லென்ஸ், வினாடியில் 1,000-ல் ஒரு பங்கு அல்லது அதைவிட வேகமான ஷட்டர், தொடர் எடுப்பு. துடுப்புக்கு நேர் பக்கவாட்டில் படகு இருக்க வேண்டும். சாய்வாக எடுத்தால் பின்விளிம்பில் உள்ள வெட்டு மறைந்துவிடும். ஒரு கூட்டம் முடிந்ததும் வானத்தை ஒரு படம் எடுத்துவிடுங்கள். இரவில் ஆயிரம் படங்களைப் பிரிக்கும்போது ஒரு கூட்டம் எங்கே முடிந்தது என்பதை அது காட்டும். அழகான படத்தைவிட மோசமான துடுப்புள்ள விலங்கின் படத்துக்கே மதிப்பு அதிகம். வெட்டே இல்லாத துடுப்பை மறுபடி அடையாளம் காண வழியில்லை.

கிட்டப்போகும் முறை: 300 மீட்டரிலேயே வேகத்தைக் குறைத்து, பக்கவாட்டில், அவை போகும் திசையிலேயே போக வேண்டும். எதிரே வராதீர்கள், கூட்டத்துக்கு நடுவே புகாதீர்கள், குட்டியுடன் இருந்தால் விலகிவிடுங்கள். அவையே படகை நோக்கி வந்தால் கியரை நடுநிலையில் விட்டுவிடுங்கள். வாஷிங்டன் மாநிலத்தில் அந்த ஓர்க்காக்களுக்கு 2025 முதல் 1,000 கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்று சட்டம். அதை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது, பல ஆறுகளில் இரு கரைக்கும் நடுவே அவ்வளவு அகலமே இல்லை. இங்கே பொருந்துவது வேக வரம்பு. கோலா சங்காவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போகும் படகு முழு வேகத்தில் கழிமுகத்தைக் கடப்பதும், சேற்று நீரில் எதுவும் தெரியாமல் உந்துசக்கரம் முதுகில் படுவதும் தடுக்கக்கூடியவை.

ஏற்றம், வற்றம் பார்க்காமல் கிளம்பினால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். அடுத்த ஏற்றம் வரும்வரை கொசுக்களோடுதான்.

 

வியாழன், வலைத்துறை

செவுள் வலையின் உறுப்புகள் எளிமையானவை: மேல்கயிறு, அதில் மிதவை, அடிக்கயிறு, அதில் ஈயக்குண்டு, நடுவே தங்கூஸ் நூல். எளிமைதான் தொல்லை. ஓங்கில் எழுப்பும் ஒலி இந்த மெல்லிய நைலானில் பட்டுச் சரியாகத் திரும்பாது. மிதவையும் குண்டும் தெரியலாம், நடுவில் இருக்கும் சுவர் தெரியாது. வலையில் ஏற்கெனவே மாட்டிய மீனைப் பறிக்க வரும்போதும் சிக்கும். பெரும்பாலும் வால் அல்லது பக்கத்துடுப்பு. சிக்கியதும் சுருளும், சுருளச் சுருள இறுகும். ஓங்கில் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய விலங்கு. போராடும்போது அதன் நேரம் சில நிமிடங்களே.

ஏன் இதை முதலிடத்தில் வைக்கிறோம் என்பதற்கு ஒரு கணக்கு. இந்த வகை விலங்குகளில் ஆண்டுக்கு மொத்தத்தில் 1 முதல் 2 விழுக்காட்டுக்கு மேல் மனிதர் கையால் இறந்தால் கூட்டத்தால் ஈடுகட்ட முடியாது என்பது பொதுவான அளவுகோல். 500 இருந்தால் 5 முதல் 10. ஐராவதி ஓங்கில் ஒரு குட்டிக்கு 14 மாதம் சுமக்கும், அடுத்த குட்டிக்கு இரண்டு மூன்று ஆண்டு ஆகும். ஒரு கழிமுகத்தில் மாதத்துக்கு ஒன்று வலையில் போனால் ஆண்டுக்கு 12. அந்த ஊரில் யாரும் 'எப்போதாவது ஒன்று மாட்டும்' என்றுதான் சொல்வார்கள், பொய்யும் சொல்லவில்லை. மெக்சிகோவின் வக்கீட்டா கடற்பன்றி இப்படித்தான் சுமார் 10 என்ற அளவுக்கு வந்தது. வேட்டையாடியவர் ஒருவரும் இல்லை, வேறு மீனுக்குப் போட்ட வலைதான்.

என்ன செய்யலாம்? கண் அளவு பெரிதாகப் பெரிதாக ஆபத்து கூடும். 10 அங்குலத்துக்கு மேல் கண் உள்ள திருக்கை வலை, அதாவது புக்காட் பாரி, மலேசியாவில் தடை. அது கண்ணில் பட்டால் தயக்கமில்லாமல் புகார் செய்ய வேண்டியது. மற்ற வலைகளுக்கு நேரமும் இடமும்தான் பேச்சு. ஏற்றத்தின் தொடக்கத்தில் மீன் கழிமுகத்துக்குள் நுழையும், பின்னாலேயே ஓங்கில் வரும். அந்த நேரத்தில் ஆற்றின் குறுக்கே வலை போடுவது வாசலில் போடுவது போல. கரைக்கு இணையாகப் போட்டால் ஓரளவு வழி கிடைக்கும். இரவில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய், விடிந்து வந்து எடுப்பதே மிக மோசம். வலையருகே ஆள் இருந்தால் கூட்டம் வருவது தெரியும், இழுத்துவிடலாம். மிதவை இரண்டு மூன்று சேர்ந்து முங்கி எழுந்தால் மீனில்லை என்று கைக்குத் தெரியும். அரை மணிக்கு ஒருமுறை வந்து பார்ப்பதில் இந்தப் பயன் கிடைக்காது.

பிங்கர் என்ற ஒலிக்கருவியைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மேல்கயிற்றில் 100 முதல் 200 மீட்டருக்கு ஒன்று கட்டினால், குறித்த இடைவெளியில் ஒலி எழுப்பி விலக்கும். இந்தோனேசியாவின் மகாகம் ஆற்றில் ஐராவதி ஓங்கில்களுக்காகவே சோதித்திருக்கிறார்கள். எங்கள் கருத்தில் இது ஆழ்ந்த ஆற்றுக்கும் எண்ணக்கூடிய சில வலைகளுக்கும் சரி. நூற்றுக்கணக்கான வலை நிற்கும் கழிமுகத்தில் எல்லாவற்றிலும் ஒலி எழுந்தால் ஓங்கிலை அதன் சாப்பாட்டு இடத்திலிருந்தே விரட்டிவிடும். இடையில் ஒரு பேட்டரி தீர்ந்தால் அந்த இடைவெளி திறந்த வழியாகத் தோன்றும், வலையோ அங்கேயும் இருக்கும். விலையையும் வலைக்காரர் தலையில் கட்ட முடியாது.

உயிரோடு சிக்கியதை விடுவிப்பது. முதல் வேலை மூச்சுத்துளையை நீருக்கு மேலே கொண்டுவருவது. வாலைப் பிடித்துப் படகுக்குள் இழுக்காதீர்கள், முதுகெலும்பு பெயரும். மேல்கயிற்றை இழுத்து வலையைத் தளர்த்தி, ஒருவர் மார்புக்கு அடியில் கைகொடுத்துத் தாங்க, மற்றவர் முனை மழுங்கிய கொக்கிக் கத்தியால் அறுக்க வேண்டும். பிரித்தெடுக்கப் பார்த்தால் நேரம் போய்விடும். தலைப்பக்கம் முதலில், வால் கடைசியில். வாலை முதலில் விடுவித்தால் பாதி வலையோடு பாய்ந்து ஓடிவிடும், சுற்றிய நூல் நாளடைவில் சதையை அறுக்கும். விட்ட பிறகு இரண்டு மூன்று மூச்சு எடுக்கும்வரை தாங்கிப் பிடியுங்கள். அறுந்த துண்டைக் கடலில் போடாமல் படகில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அறுந்த வலைக்கு யார் பணம் கொடுப்பது? இதற்குப் பதில் இல்லாத பாதுகாப்புத் திட்டம் எதுவும் படகுத்துறையைத் தாண்டாது. 1985 மீன்வளச் சட்டமும் 1999-ன் அழியும் உயிர்கள் விதிகளும் ஓங்கிலைப் பிடிக்கவும் வைத்திருக்கவும் விற்கவும் தடை செய்கின்றன. சரிதான். ஆனால் தற்செயலாக மாட்டியதைச் சொன்னால் தண்டனை வரும் என்ற பயத்தில் செத்ததைக் கல் கட்டிக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். அதோடு எத்தனை சாகிறது என்ற கணக்கும் மூழ்கிவிடுகிறது. வலைக்கு ஈடும், தானாக வந்து சொன்னவருக்குக் கேள்வியில்லாத பதிவும் கிடைத்தால் முதல் ஆண்டிலேயே எண்ணிக்கை கூடியதுபோலத் தெரியும். பயப்பட வேண்டாம், அது மறைந்திருந்த கணக்கு.

வெள்ளி, கோலா கூலா

கரை ஒதுங்கியது உயிரோடு இருந்தால் கடலுக்குள் தள்ள ஓடாதீர்கள். நிமிர்த்தி வயிற்றின் மேல் படுக்க வைத்து, பக்கத்துடுப்புக்கு அடியில் குழி தோண்டி, ஈரத்துணி போர்த்தி நிழல் கொடுங்கள். மூச்சுத்துளையில் தண்ணீரோ துணியோ படக்கூடாது. கூட்டத்தைத் தள்ளி நிறுத்துங்கள். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று ஒருவர் எண்ணிக்கொண்டே இருந்தால், வரும் கால்நடை மருத்துவருக்கு அதுவே முதல் தகவல்.

செத்திருந்தால் வெறுங்கையால் தொடவேண்டாம், புருசெல்லா போன்ற கிருமிகள் மனிதருக்கும் தொற்றும். கையுறை, முகக்கவசம். நீளத்தை முகத்து நுனியிலிருந்து வால் நடு வெட்டுவரை நேர்கோட்டில் அளக்க வேண்டும், உடல் வளைவோடு அல்ல. அடிவயிற்றில் இரண்டு பிளவு தள்ளித் தள்ளி இருந்தால் ஆண். ஒரே நீளப் பிளவும் இருபுறம் சிறு பிளவுகளும் இருந்தால் பெண். வால் அடியிலும் வாயோரத்திலும் நூல் போல மெல்லிய வெட்டுக்கோடு தேடுங்கள், அது வலையின் கையெழுத்து. துடுப்பை இருபக்கமும் படமெடுங்கள், பட்டியலில் உள்ள விலங்காக இருக்கலாம். தோல் துண்டு எத்தனாலில், கொழுப்பு அலுமினியத் தாளில். கொழுப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் நஞ்சுச் சோதனை கெட்டுவிடும். இவற்றை மீன்வளத் துறையோ அனுமதி பெற்ற ஆய்வாளரோ வந்து எடுப்பார்கள். நம் வேலை அதுவரை நாயும் உடும்பும் இழுக்காமல் காப்பது, அடுத்த ஏற்றம் எடுத்துப்போகாமல் வாலில் கயிறு கட்டி மரத்தில் பிணைப்பது.

வாட்சாப்பில் அனுப்பும்போது படத்தை மட்டும் தட்டிவிடுகிறார்கள். பல கைமாறி வரும் படத்தில் இடமும் நேரமும் அழிந்திருக்கும். இடக்குறியை வரைபடத்திலிருந்து எடுத்துத் தனியாக அனுப்புங்கள். தேதி, நேரம், ஏற்றமா வற்றமா, உயிரோடா இல்லையா, எத்தனை அடி, அருகில் வலை ஏதும் நின்றதா என்பதை எழுத்தில் சேருங்கள். அளவு தெரிய ஏதாவது ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். செருப்பு போதும், ஆனால் எந்த அளவுச் செருப்பு என்றும் எழுதிவிடுங்கள்.